மருந்துத் தொழிலிலிருந்து இசை ஆய்வுக்கு: ஆபிரகாம் பண்டிதரின் வணிகமும் கொடையும்

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் தஞ்சை மராட்டிய அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அரண்மனைச் சம்பளத்தை நம்பியிருந்த வித்துவான்கள் பலர் வேறு சமஸ்தானங்களையும் சென்னையையும் நாடினர். காவிரிப் படுகையின் செல்வம் அப்போதும் நெல்லில்தான் இருந்தது. ஆனால் மிராசுதார்களின் கொடை பெரும்பாலும் கோயில் கட்டளை, மடம், சத்திரம் என்ற பழைய தடத்திலேயே சென்றது. அரசவை விட்டுப்போன இடத்தைத் தொழில் வருமானம் எப்படி நிரப்பத் தொடங்கியது என்பதற்கு மு. ஆபிரகாம் பண்டிதரின் (1859–1919) வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று தஞ்சையில் எனக்குத் தெரிந்து இல்லை.

பண்டிதர் தஞ்சைக்காரர் அல்லர்; தென்காசிப் பகுதியின் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோதே இசையிலும் புகைப்படக் கலையிலும் ஈடுபட்டார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் சித்த மருத்துவம் கற்றார். பின்னர் அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் தஞ்சை லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணியாற்றினர். பரம்பரை நிலமோ அரண்மனைத் தொடர்போ அவருக்குக் கிடையாது. 1890இல் ஆசிரியப் பணியை விட்டு முழுநேரமாக மருந்துத் தொழிலில் இறங்கியது அந்த நிலையில் பெரிய துணிச்சல்.

அவருடைய வணிக முறையின் உயிர்நிலை மூலப்பொருளில் இருந்தது. சித்த மருந்தின் தரம் மூலிகையின் தரத்தோடு போகும். கடைச்சரக்கை மட்டும் நம்பினால் கலப்படத்துக்குத் தப்ப முடியாது. ஊருக்கு வெளியே ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கி, மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். குருவின் பெயரால் கருணானந்தபுரம் என்று அவர் அழைத்த அந்த இடம் மக்கள் வாயில் பண்டிதர் தோட்டம் ஆயிற்று. சுற்றிலும் நெல்லே பேச்சாக இருந்த நாட்டில் அங்கே கரும்பு முதலிய பயிர்களிலும் சோதனைகள் நடந்தன. சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி தோட்டத்தைப் பார்வையிட்டார். கோரோசனை மாத்திரை உள்ளிட்ட மருந்துகள் இலங்கை, பர்மா, சிங்கப்பூர் வரை போயின. 1909இல் அரசு ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

இந்த வருமானத்தை அவர் செலவிட்ட விதம்தான் ஆய்வாளரின் கவனத்துக்குரியது. 1912இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் சொந்தச் செலவில் தொடர்ந்து மாநாடுகள் நடத்தினார். சென்னை மியூசிக் அகாடமி தோன்ற அப்போது இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. அரசவையில் வித்துவான் பாடினார், மன்னர் பரிசளித்தார். பண்டிதரின் மேடையிலோ வித்துவான்கள் சுருதிக் கணக்கைப் பற்றி வாதிட்டனர். புரவலர் தாமே ஒரு தரப்பாக நின்று வாதாடினார். இது தஞ்சைக்குப் புதிது.

அந்த வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது சாரங்கதேவர் வழி வந்த கொள்கை. சிலப்பதிகாரம் கூறும் பாலைகள் என்ற இசை முறைகளை ஆராய்ந்த பண்டிதர், ஸ்தாயி 12 சம அரைச்சுரங்களாகவும், அவை 24 சம அலகுகளாகவும் பிரியும் என்றார். ச–ப முறையில் 12 படி ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே பிசகின்றித் திரும்ப வேண்டும். தந்தியை மூன்றில் இரண்டாக வெட்டிக்கொண்டே போனால் அப்படித் திரும்பாது, சற்று மிஞ்சும். இதைத் தந்தி நீள அளவுகளோடு பட்டியல் பட்டியலாகக் கணக்கிட்டுக் காட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய மாநாட்டில் தம் வீட்டு மகளிரை வீணையோடு பாடச் செய்து கொள்கையை விளக்கினார். எல்லோரும் ஒப்பவில்லை; இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அவர் கேட்டது வழிபாட்டை அல்ல, சரிபார்ப்பை. மண்ணிலும் மருந்திலும் பழகிய சோதனைப் புத்தியே இங்கும் வேலை செய்தது என்பது என் துணிபு.

ஆய்வை அச்சேற்ற வேறொருவர் தயவை அவர் எதிர்பார்க்கவில்லை. மின்விசையால் இயங்கிய அவருடைய லாலி அச்சகத்திலேயே 1,300 பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ முதல் பாகம் 1917இல் வெளிவந்தது. மூலிகைக்கு நிலம் வாங்கியது போலவே நூலுக்கு அச்சகம்! இரண்டாம் பாகம் அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, 1946இல் வந்தது. மகன் வரகுணபாண்டியன் ‘பாணர் கைவழி’ எழுதி யாழாய்வைத் தொடர்ந்தார்.

தமிழிசை வரலாறு பண்டிதரை மறக்கவில்லை. தஞ்சையின் பொருளாதார வரலாறுதான் அவரை இசைக்காரர் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. நெல்லையும் நிலவரியையும் வைத்து இப்பகுதியின் செல்வத்தைக் கணக்கிடும் ஆய்வாளர்கள், அந்தத் தோட்டத்தின் மருந்து வணிகத்தையும் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.