ரஷ்யனும் ஸ்பானிஷும்: பல்கலைக்கழகப் படிப்பும் தமிழ் வாசகனும்

வளைகுடா நாடுகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் நம் பிள்ளைகள் அடுத்து என்ன படிப்பார்கள் என்பது பெரும்பாலும் முன்பே முடிவாகிவிட்ட விஷயம். பொறியியல், மருத்துவம், கணக்கியல். "ரஷ்ய இலக்கியம் படிக்கப் போகிறேன்", "ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். அதே வீட்டின் அலமாரியில், ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த 'புத்துயிர்ப்பு' இருக்கும். 'வெண்ணிற இரவுகள்' இருக்கும். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' இருக்கும். இந்த இரு மொழிகளின் இலக்கியத்தையும் தமிழர்கள் நேசித்த அளவு வேறு அயல்மொழி இலக்கியத்தை நேசித்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் அம்மொழிகளைக் கற்று, மூலத்தில் வாசித்து, தமிழில் தந்தவர்கள் மிகச் சிலர். இந்த இடைவெளி எப்படி வந்தது, அதை நிரப்பக்கூடிய படிப்பு எங்கே கிடைக்கிறது, தமிழ் பேசும் மாணவனுக்கு அதில் எது எளிது, எது கடினம் என்பவற்றைப் பார்ப்போம்.

முதலில் ரஷ்யன். மாஸ்கோவில் 1931-ல் தொடங்கப்பட்ட அயல்மொழிப் பதிப்பகம் 1963-ல் முன்னேற்றப் பதிப்பகம் (புரோகிரஸ்) என்ற பெயர் பெற்றது. இலக்கிய நூல்களுக்காக 1982-ல் அதிலிருந்து ராதுகா பதிப்பகம் பிரிந்தது. இவற்றின் தமிழ்ப் பிரிவில் பணியாற்ற இங்கிருந்து ஆட்கள் போனார்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன், நா. முகம்மது செரீபு ஆகிய பெயர்களை அந்த நூல்களின் முதல் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். இந்த நூல்கள் எல்லாமே ரஷ்ய மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் வழியாக வந்தவையும் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ரஷ்ய மொழி புழங்கும் ஊரில் இருந்தார். ஐயம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாகச் சில ரூபாய் விலையில் நம் கைக்கு வந்தன. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. இந்த ஏற்பாடும் நின்றது. அரசியல் நோக்கத்தோடு நடந்த ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு மொழியைக் கற்றவனுக்குச் சம்பளம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்ன நிறுவனம் அது. அப்படி ஒன்று பிறகு தமிழுக்கு வாய்க்கவில்லை. அதன்பின் தமிழுக்கு வந்த பெரிய ரஷ்ய நாவல்களில் முக்கியமானவை, எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' போன்றவை, பெரும் உழைப்பில் உருவானவை என்றாலும் ஆங்கிலம் வழியாக வந்தவையே.

ஸ்பானிய மொழிக்கு இந்த அளவு ஏற்பாடுகூட என்றும் இருந்ததில்லை. போர்ஹெஸ், மார்க்வெஸ், நெரூதா, ருல்ஃபோ எல்லோரும் சிறுபத்திரிகைகளின் தோளில் ஏறி வந்தவர்கள். பிரம்மராஜன் 'மீட்சி'யில் செய்ததும், கோணங்கி 'கல்குதிரை'யில் மார்க்வெஸுக்குச் சிறப்பிதழ் கொண்டுவந்ததும் தனிமனிதர்களின் வேலை. பெரும்பாலும் ஆங்கிலமே இடைவழி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்பானிய மொழிக்குத் தாகூர் போனதும் ஆங்கிலம் வழியாகத்தான். ஸெனோபியா கம்ப்ரூபி தன் கணவர் கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமெனெஸின் துணையோடு ஆங்கிலத்திலிருந்தே தாகூரைப் பெயர்த்தார். ஒரு தலைமுறை ஸ்பானியக் கவிஞர்கள் அந்தத் தாகூரைப் படித்து வளர்ந்தார்கள்.

அப்படியானால் மூலமொழி எதற்கு என்ற கேள்வி வரும். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு 'யூ' ஒன்றுதான். ரஷ்ய மொழியில் 'தீ', 'வீ' என்று இரண்டு உண்டு. முறையே நம் 'நீ', 'நீங்கள்'. ஸ்பானிய மொழியில் 'தூ', 'உஸ்தேத்'. அர்ஜெண்டினாவில் 'தூ' இருக்க வேண்டிய இடத்தில் 'வோஸ்'. ஆக மூலத்தில் இந்த வேறுபாடு இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது, இடையில் உள்ள ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. ஆங்கிலம் வழி மொழிபெயர்க்கும் தமிழர் ஒவ்வொரு உரையாடலிலும் யார் யாரை 'நீ' என்கிறார், யாரை 'நீங்கள்' என்கிறார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. வயதையும் தகுதியையும் பார்த்து நம் ஊர் வழக்கப்படி ஒன்றைப் போடுகிறார். காதலர்கள் எந்தப் பக்கத்தில் 'நீங்கள்' விட்டு 'நீ'க்கு வந்தார்கள், கோபத்தில் எந்த வாக்கியத்தில் மரியாதை போயிற்று என்பது மூலத்தில் எழுத்தாளன் எண்ணி வைத்த இடம். ஊகத்தில் அது பிடிபடாது. புஷ்கின் 1828-ல் எழுதிய ஒரு சிறு கவிதையின் தலைப்பே 'நீயும் நீங்களும்'. ஒரு பெண் வாய்தவறி 'நீ' என்று அழைத்துவிட்டதுதான் அதன் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு அடிக்குறிப்பு போட வேண்டும். தமிழுக்கு வேண்டாம்.

பெயர்களும் அப்படியே. ரஷ்ய நாவல்களைப் படிக்கும்போது ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் வருவதாக நம்மவர்கள் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் தமிழனுக்கு இது புரியாத முறை அல்ல. ரோடியோன் ரோமானவிச் என்றால் ரோமானின் மகன் ரோடியோன். நாம் தந்தை பெயரை ஓரெழுத்தாக முன்னால் போடுகிறோம். அவர்கள் முழுதாகப் பின்னால் போடுகிறார்கள். தந்தை பெயரோடு சேர்த்து அழைத்தால் மரியாதை. தாய் 'ரோத்யா' என்பாள். ரஸ்கோல்னிகவ் என்ற குடும்பப் பெயருக்குள் 'ரஸ்கோல்', அதாவது பிளவு, என்ற சொல் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை இரண்டுபட்டதைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ருல்ஃபோவின் பெத்ரோ பாராமோவில் 'பாராமோ' என்பது வறண்ட மேட்டு நிலம். அந்த நாவலின் ஊர் கொமாலா. 'கொமால்' என்பது சோளரொட்டி சுடும் கல், ஏறக்குறைய நம் தோசைக்கல். ஆறு மாத மாலை வகுப்பில் பேச்சுமொழி வரும். இத்தகைய விஷயங்கள் வருவது பல்கலைக்கழகத்தின் இலக்கியப் படிப்பில்தான்.

இம்மொழிகள் கடினம் என்பது ஆங்கிலத்தில் நின்று பார்ப்பவர்களின் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஸ்பானிஷுக்கு 30 வாரம், ரஷ்யனுக்கு 44 வாரம் என்று வைத்திருக்கிறது. தமிழுக்கும் அதே 44 வாரம்தான்! நமக்குக் கணக்கு வேறு. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமை என்றதும் ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் மிரள்வான். எட்டு வேற்றுமை படித்தவனுக்கு என்ன பயம்? 'நான் மாணவன்' என்று நாம் வினைச்சொல் இல்லாமல் சொல்வதுபோல 'யா ஸ்துதேந்த்' என்று முடித்துவிடுகிறார்கள். 'எனக்குக் குளிராக இருக்கிறது', 'எனக்கு இருபது வயது' இரண்டையும் நான்காம் வேற்றுமையிலேயே சொல்கிறார்கள். 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்ற வேறுபாடு ரஷ்ய வினைச்சொல்லின் முதுகெலும்பு. ஆங்கில மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறும் இடம் அது. முழுதும் பொருந்தாவிட்டாலும், 'விடு' என்ற துணைவினையை நாள்தோறும் பயன்படுத்தும் நமக்கு அதன் உணர்வு இருக்கிறது. ஸ்பானிய மொழியில் 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'நான்' வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடும். 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் நம்மைப் போலவே 'எனக்கு' என்றுதான் தொடங்கும்.

கடினமானவையும் உண்டு. ரஷ்ய மொழியில் நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொரு வினை. ஒவ்வொன்றிலும் ஒருமுறை போவதும் அடிக்கடி போய்வருவதும் வேறு வேறு. அங்கேயும் மெய்யெழுத்துகளை வலியவை, மெலியவை என்று பிரிக்கிறார்கள். நம் வல்லினம், மெல்லினத்தோடு பெயரில் மட்டுமே ஒற்றுமை. ஸ்பானிய மொழியில் 'இரு' என்ற நம் ஒரு வினைக்கு 'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு. எங்கே எது என்பதில் முதல் ஆண்டு முழுதும் போகும். 'ஆனால்' என்பதற்கும் 'நாய்' என்பதற்கும் இடையே உள்ள ஒலி வேறுபாடு ஒற்றை ரகரமும் உருட்டிச் சொல்லும் இரட்டை ரகரமும் மட்டுமே. ர, ற இரண்டையும் எழுத்தில் காப்பாற்றிவிட்டுப் பேச்சில் பெரும்பாலும் தொலைத்துவிட்ட நமக்கு இது ஒரு தண்டனை மாதிரி!

வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு மறைந்த உதவி இருக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த அரபி. தோஹாவின் நஜ்மாவில் ஒரு மளிகைக் கடையில் நின்று பாருங்கள். எண்ணெய் 'ஸைத்', சர்க்கரை 'ஸுக்கர்', அரிசி 'ருஸ்', பஞ்சு 'குத்ன்'. ஸ்பானிய மொழியில் இவை முறையே 'அஸெய்த்தே', 'அஸூகார்', 'அர்ரோஸ்', 'அல்கொதோன்'. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஐபீரியத் தீபகற்பத்தில் அரபு ஆட்சி நிலைத்ததன் எச்சம். 'நடக்கட்டும், நடந்தால் நல்லது' என்ற பொருளில் ஸ்பானியர்கள் சொல்லும் 'ஓஹலா'வும் அல்லாவின் பெயரைக் கொண்ட அரபுத் தொடரிலிருந்து வந்ததே. ('அர்ரோஸ்' நம் 'அரிசி'யிலிருந்து போனது என்று சொல்வோரும் உண்டு. அதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 'கட்டுமரம்' இரு மொழிகளிலும் இருப்பதில் ஐயமில்லை.)

இனி, எங்கே படிப்பது. புதுதில்லியில் 1965-ல் சோவியத் உதவியோடு ரஷ்யக் கல்வி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1969-ல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் உருவானபோது அது அதனுள் இணைந்தது. இன்று அங்கே ரஷ்யனுக்குத் தனி மையமும், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், இத்தாலியன் ஆகியவற்றுக்குச் சேர்ந்த மையமும் உள்ளன. இரண்டிலும் இளங்கலை ஆனர்ஸில் அகர முதல் தொடங்கலாம். முன்பே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பலருக்கு இந்தச் செய்தி தெரியாது. ஹைதராபாத்தில் 1958-ல் ஆங்கிலத்துக்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமான ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம் (இஃப்லு) நமக்கு அருகில் உள்ள வாய்ப்பு. தில்லிப் பல்கலைக்கழகத்திலும் இரு மொழிகளும் உண்டு. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ரஷ்யத் துறை இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கை 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. வளைகுடா நகரங்களிலும் அதற்குத் தேர்வு மையங்கள் இருந்திருக்கின்றன. படிப்புக்கு முன் ருசி பார்க்க விரும்புபவர்களுக்குச் சென்னையில் ரஷ்யப் பண்பாட்டு மையத்தின் வகுப்புகளும், தில்லியில் செர்வாந்தெஸ் நிறுவனமும் உண்டு.

பிழைப்பு பற்றிப் பேசாமல் விட்டால் பெற்றோர் இந்தக் கட்டுரையை நம்பமாட்டார்கள். தில்லியில் ஸ்பானிஷ் படித்தவர்களைப் பன்னாட்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் அள்ளிக்கொள்கின்றன. ரஷ்யன் படித்தவர்கள் சுற்றுலாவிலும், மருந்து, பாதுகாப்புத் தளவாட வணிகத்தில் மொழிபெயர்ப்பிலும் இருக்கிறார்கள். துபாயில் கடைப் பெயர்ப்பலகைகளிலேயே ரஷ்ய எழுத்தைப் பார்க்கலாம். வருமானம் வரும். இலக்கியம் படித்தவனை இலக்கியத்துக்குத் திரும்பவிடாமல் செய்வதும் அந்த வருமானம்தான். மறுபக்கம், ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில வழியில் சேர்ந்தாலும் மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளியோடு ரஷ்யனில்தான் பேச வேண்டும். செகாவும் புல்ககோவும் மருத்துவர்கள் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அங்கே போக நினைப்பவர்கள், 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வங்கிகள் பலவற்றின் பன்னாட்டுத் தொடர்பு அறுந்ததால் பணம் அனுப்புவது சிக்கலாகிவிட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒருவர் உட்கார்ந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அண்டை மொழிகளைப் பார்க்கலாம். மாஸ்கோவில் பணியாற்றிய அருண் சோம், திரும்பி வந்தபின்னும் நிறுத்தாமல் தாஸ்தாயேவ்ஸ்கியை நேராக வங்க மொழிக்குக் கொண்டுவந்தார். மாஸ்கோ கோபாலகிருஷ்ணனும் அவர் மனைவி ஓமனாவும் ரஷ்யனிலிருந்து மலையாளத்துக்குச் செய்தது ஒரு நூலகம் கொள்ளும். தமிழிலேயே பிரெஞ்சுக்கு வெ. ஸ்ரீராம் இருக்கிறார். 1980-ல் அவருடைய 'அந்நியன்' வந்தது மூலத்திலிருந்துதான்.

ரஷ்யர்கள் தங்கள் பங்கை முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். பியாதிகோர்ஸ்கியும், 'செம்பியன்' என்று தமிழ்ப் பெயர் சூடிக்கொண்ட ருதினும் சேர்ந்து தொகுத்த தமிழ்-ரஷ்ய அகராதி 1960-ல் மாஸ்கோவில் வெளிவந்தது. அந்திரோனவும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்த ரஷ்ய-தமிழ் அகராதி 1965-ல் வந்தது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்து, சங்க இலக்கியத்தை ஆராய்ந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020 நவம்பரில் கொரோனாவில் காலமானார். முதல் இரண்டு ஆண்டுகள் ரஷ்ய-ஆங்கில அகராதியோடு ஓட்டும் தமிழ் மாணவன், மூன்றாம் ஆண்டில் செகாவின் சிறுகதைகளுக்கு வரும்போது அந்த 1965-ஆம் ஆண்டு அகராதியை நூலகத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.