சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன தெருக்கள்

1983 மார்ச் 15. கன்ஷிராமுக்கு அன்று 49 வயது நிறைந்தது. அன்றைக்கு அவர் டெல்லியிலிருந்து தொண்டர்களோடு சைக்கிளில் கிளம்பினார். பகுஜன் சமாஜ் கட்சி அப்போது பிறக்கவில்லை. 1981-இல் தொடங்கிய டி.எஸ்.4 என்கிற போராட்ட அமைப்புதான் இருந்தது. 7 மாநிலங்கள், 40 நாட்கள், ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர். 'இரண்டு கால், இரண்டு சக்கரத்தின் அற்புதம்' என்று அந்தப் பயணத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

தோழர்களே, இதை ஒரு நாள் கணக்காக்கிப் பாருங்கள். நாளொன்றுக்கு சுமார் 105 கிலோமீட்டர். நம் திருவண்ணாமலையில் கிளம்பி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய்ச் சேரும் தூரம். மணிக்கு 15 கிலோமீட்டர் மிதித்தாலும் ஏழு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழியில் பஞ்சர் ஒட்ட வேண்டும், தண்ணீர் கேட்க வேண்டும், சாயங்காலம் கூட்டம் போட வேண்டும், மறுநாள் விடியலில் மறுபடி கிளம்ப வேண்டும். இப்படி நாற்பது நாள்.

அதே ஆண்டு டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளில் அடுத்த பயணம் தொடங்கியது. கன்னியாகுமரி, கார்கில், கோஹிமா, பூரி, போர்பந்தர் என ஐந்து மூலைகளிலிருந்து சைக்கிள்கள் டெல்லி நோக்கி உருண்டன. 100 நாட்கள் நடந்த இயக்கம் அது. 1984 ஏப்ரல் 14 அன்று பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது.

சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காசில்லாதது ஒரு காரணம். பெட்ரோல் வேண்டாம், பேருந்து போகாத ஊருக்கும் போகலாம், நினைத்த இடத்தில் நிறுத்திப் பேசலாம். ஆனால் நம் மக்கள் வண்டியேறிப் போவதற்கு இந்த நாட்டில் வேறொரு அர்த்தமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் பின்னால் போக வேண்டும்.

1901-இல் சிறுவன் பீமாராவும் உடன் சென்ற சிறுவர்களும் தந்தையைப் பார்க்க கோரேகான் கிளம்பினார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் மாட்டுவண்டி கிடைக்கவில்லை. பையன்கள் மகர் சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்குச் சம்மதித்தார், அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. அம்பேத்கர் பின்னாளில் இதைத் தன் கைப்பட எழுதி வைத்தார்.

நம் மாகாணத்தில் 1924-இல் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு எதையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்றது அது. அரசும் ஏற்றது. ஆறே ஆண்டுகளில் ஊர் தன் பதிலைச் சொன்னது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். குடை கூடாது, செருப்பு கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது. 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வண்டியும் பயன்படுத்தக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார்.

ஏன் வண்டி மேல் இவ்வளவு ஆத்திரம்? சைக்கிளில் உட்கார்ந்தவனின் தலை, திண்ணையில் உட்கார்ந்தவனின் தலைக்கு மேலே போகிறது. குனிந்து நடக்க வேண்டியவன் நிமிர்ந்து மணியடித்துக்கொண்டு போகிறான். சந்தைக்கும் பள்ளிக்கும் வேறு ஊர் வேலைக்கும் போய்விடுகிறான். பண்ணையின் கைக்கு எட்டாத தூரம் அவனுக்கு வந்துவிடுகிறது. சாதி காவல் காக்க நினைத்தது அந்தத் தூரத்தைத்தான்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' ஆய்வு, பொதுத்தெருவில் தலித்துகள் சைக்கிள் ஓட்டத் தடை நீடிக்கும் கிராமங்களைக் காட்டியது. 2015-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் சைக்கிளைப் பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. பிரிவு 3(1)(இசட்ஏ)(பி): பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு, புத்தாடை அணிவதையோ, திருமண ஊர்வலம் போவதையோ தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 1931-இன் தடைப் பட்டியலையும் இந்தப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அன்று ஊர் போட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாகக் குற்றமாக்குகிறது சட்டம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவர் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானபோது, பத்தாண்டு ஆன பிறகும் அந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்பது விளங்கியது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. அதே மாவட்டத்தின் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. நெடுஞ்சாலையில் எல்லோரும் சமம். அதிலிருந்து பிரியும் கடைசித் தெருவில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசின் இலவச சைக்கிள் 2001-02-இல் முதலில் போய்ச் சேர்ந்தது ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான். பிறகே எல்லோருக்குமானது. அந்த மாணவிகள் இன்று நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் மிதித்தார்கள், எந்தத் தெருவில் உருட்டினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னும் யாரும் உட்கார்ந்து எழுதி வைக்காத வரலாறு அது.

விடுமுறையில் சைக்கிள் பயணம் திட்டமிடும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் போக வேண்டாம், முப்பது போதும். பத்துக் காலனிகளில் நிறுத்துங்கள். உங்கள் தெருவில் முதலில் சைக்கிள் வாங்கியது யார், ஊர்த் தெரு வந்ததும் அவர் இறங்கினாரா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். தேதி, தெருப்பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் எங்காவது இறங்கச் சொல்கிறார்கள் என்றால், மேலே சொன்ன பிரிவோடு புகார் எழுதிக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. விசாரணையை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. காவல் நிலையத்தில் இரண்டையும் நினைவூட்டுங்கள்.

ஜெய்பீம்!