கமான் பட்டையும் ஒரு பழைய ஜீப்பும்

மந்தைவெளி நண்பர் தூக்கிக் கட்டின பழைய ஜீப் ஒன்று வாங்கினார். அடுத்த வாரம் ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு! வண்டியோ வலப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது. ஸ்பீட் பிரேக்கர்ல 'டொக்'. ஷாக் அப்சார்பரை மாத்துன்னாங்க எல்லாரும். அது குலுக்கலை அடக்கும், எடையைத் தாங்காதே!

தாங்குறது கமான் பட்டை. 1804-ல் ஒபதியா எலியட் இங்கிலாந்தில் குதிரை வண்டியை நீள்வட்டப் பட்டைகள் மேல் உட்கார வைத்துக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பும் பட்டை மேல்தான் ஓடியது. 1940களின் கடைசியில் மகிந்திரா பம்பாயில் பூட்ட ஆரம்பித்ததும் அதே ஜீப்தான்.

டேப் வைத்து அளந்தேன். வலது பக்கம் இரண்டு அங்குலம் கம்மி, ஒரு பட்டையில் விரிசல். கடப்பாரையால் நெம்பினால் ஷாக்கிள் புஷ் ஆடுது, 'டொக்' அங்கிருந்துதான். உயரத்துக்காக நீள ஷாக்கிள் மாட்டியிருக்காங்க. விற்றவர் விரிசல் மேலேயும் பெயிண்ட் அடிச்சிருக்கார் :-)

ஏலகிரி தள்ளிப்போயாச்சு.