மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பின் வரலாறு

விலேன் எனப்படும் மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு, ஒரே கம்பி இணைப்பைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறையாகும். 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி இதனை உருவாக்கினார். பல ஈதர்நெட்டுகளை இணைத்தபோது, நடுவிலிருந்த நிலைமாற்றியில் போக்குவரத்து நெரிந்தது. ஒவ்வொரு தரவுப் பொதியிலும் அடையாள எண் இட்டு, அந்த நெரிசலை அவர் பல பாதைகளில் பகிர்ந்தார். 1998இல் வெளியான 802.1கியூ சீர்தரம் அவ்வெண்ணுக்கு 12 பிட்டுகளை ஒதுக்கியது. ஆகவே 4094 பிரிவுகளே இயலும்.

பிரிந்தவை ஒன்றோடொன்று பேசத் திசைவி தேவைப்பட்டது. பின்னர் அவ்வேலையை மூன்றாம் அடுக்கு நிலைமாற்றி தானே ஏற்றது. இதில் 10ஆம் பிரிவுக்கு 192.168.10.0/24 என்ற ஐபி முகவரித் தொகுதியை ஒதுக்கி, அதன் இடைமுகத்துக்கு 192.168.10.1 என இட்டால், அதுவே அப்பிரிவின் நுழைவாயில். ஆனால் திசைவித்தலை இயக்கியதும் எல்லாப் பிரிவுகளுக்கும் வழி திறந்துவிடும். எனவே பிரித்தாலே பாதுகாப்பு என்பது தவறு. யார் எங்கே செல்லலாம் என்ற அணுகல் விதிகளையும் எழுத வேண்டும்.