எது சர்க்கரை? கண்ணாடிக் குடுவையிலிருந்து கணினி வரை

இன்று கொஞ்சம் வேதியியல் வரலாறு. பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது!

இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு செடியின் இலையிலிருந்து 1930இல் பிரித்தெடுத்த மருந்து. அதன் மூலக்கூறில் மூன்று சர்க்கரைத் துண்டுகள் சங்கிலியாகத் தொங்குகின்றன. (காபியில் போடும் சர்க்கரை இல்லை. நீரிழிவுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.) இதயத்தில் முக்கிய வேலையைச் செய்வது மற்ற பகுதி. மருந்து எவ்வளவு கரையும், உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதில்தான் சர்க்கரைக்குப் பங்கு. இப்படிச் சர்க்கரையைச் சுமக்கும் தாவரப் பொருள்கள் ஏராளம். அவற்றில் எது சர்க்கரை, எது மீதி என்று எப்படிப் பிரிப்பது?

இந்தச் சிக்கலில் இறங்கியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் எமில் ஃபிஷர். 1875இல் அவர் கண்டுபிடித்த ஃபினைல்ஹைட்ரசின் சர்க்கரைகளோடு சேர்ந்து மஞ்சள் படிகமாகும். குளுக்கோஸ், மேனோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் ஒரே படிகத்தைத் தந்தன. அப்படியென்றால் மூன்றும் நெருங்கிய சொந்தம்! அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் 1891இல் குளுக்கோஸின் அமைப்பைச் சொல்லிவிட்டார். 1902இல் நோபல் பரிசு. ஆனால் அந்த ஃபினைல்ஹைட்ரசினே அவர் உடம்பைக் கெடுத்தது. பாடப்புத்தகங்கள் பரிசைச் சொல்லும், இதைச் சொல்லாது.

பிறகு இங்கிலாந்தின் ஹாவொர்த், சர்க்கரை பெரும்பாலும் வளையமாக இருக்கிறது என்று நிறுவினார். 1937இல் அவருக்கும் நோபல்.

1988இல் டேவிட் வைனிங்கர், மூலக்கூறை ஒரே வரி எழுத்துகளாக எழுதும் 'ஸ்மைல்ஸ்' முறையை வெளியிட்டார். கணினியால் இனி வாசிக்க முடியும். ஆனால் அதற்குப் படிகமும் தெரியாது, இனிப்பும் தெரியாது. சர்க்கரை என்றால் என்ன என்று விதியாகவே சொல்லவேண்டும்.

2020இல் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகக் குழு ஒன்று அப்படியொரு இலவச மென்பொருளை வெளியிட்டது. விதி எளிது. ஐந்து, ஆறு அல்லது ஏழு அணுக்கள் கொண்ட வளையம். அதில் ஒன்று ஆக்சிஜன், மற்றவை கார்பன். எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. வளையத்தில் நேரடியாக ஒட்டியிருக்கும் ஆக்சிஜன்கள், வளைய அணுக்களில் பாதியாவது இருக்கவேண்டும்.

குளுக்கோஸில் ஆறுக்கு நான்கு. சுலபமாகத் தேறிவிடும். டிகாக்சினில் தொங்கும் டிஜிடாக்சோஸ் ஆக்சிஜன் குறைந்த சர்க்கரை. ஆறுக்கு மூன்றுதான், சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. கோட்டைச் சற்றே உயர்த்தினால் அந்த மூன்றும் கணினியின் கண்ணுக்குச் சர்க்கரையே இல்லை. தாழ்த்தினாலோ, சர்க்கரை அல்லாத வளையங்களையும் அது வெட்டி எறிந்துவிடும். அதனால்தான் அந்த எண்ணைப் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள்.