பழைய வண்டியும் புதிய எஞ்சினும்: அம்பாஸடர் தரும் பாடம்

தந்தை வாங்கிய காரைத் தனயன் விற்க மனமின்றி வைத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே பல உள்ளன. விற்க மனம் இடந்தருவதில்லை. ஓட்ட வண்டி இடந்தருவதில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. மழை நாளில் கிளம்ப மறுக்கிறது. இரவில் அதன் விளக்கு மெழுகுவர்த்திபோல் மங்குகிறது. இந்நிலையில் உரிமையாளர் நினைப்பது ஒன்றே: ‘கூடு நன்றாக இருக்கிறது, உள்ளிருக்கும் எஞ்சினையும் மின்கருவிகளையும் மாற்றிவிட்டால் என்ன?’

இந்த எண்ணம் புதியதன்று. ஒரு பெரிய தொழிற்சாலையே ஏறத்தாழ 57 ஆண்டுகள் இதே எண்ணத்தைக் கைக்கொண்டு வாழ்ந்தது. இறுதியில் அதன் எல்லையையும் கண்டது. அந்தத் தொழிற்சாலை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். அந்த வண்டி அம்பாஸடர். பழைய காரைப் புதுப்பிக்க விரும்புவோர்க்கு அதன் வரலாற்றைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

கூடு வந்த வழி

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் பிர்லா குடும்பத்தாரால் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் முதலில் இயங்கி, 1948-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவுக்கு இடம்பெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் கார்களை இங்கே உருவாக்குவதே அதன் தொடக்ககாலப் பணி. 1954-இல் லாண்ட்மாஸ்டர் வந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையைத் தழுவி 1957-இல் அம்பாஸடர் பிறந்தது. இங்கிலாந்தில் அந்த மூன்றாம் வரிசை சில ஆண்டுகளிலேயே மறைந்தது. உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை அதன் உருவம் வாழ்ந்தது.

முகப்பின் கம்பிவலையும் விளக்கின் விளிம்பும் காலந்தோறும் சற்றே மாறின. ஆயினும், 1960-இன் வண்டியையும் 2010-இன் வண்டியையும் அருகருகே நிறுத்தினால் ஒரு குழந்தைகூட இரண்டையும் உடன்பிறப்புகள் என்று சொல்லிவிடும். மாறியவையெல்லாம் பெரும்பாலும் உள்ளே மாறின.

நான்கு எஞ்சின்கள்

முதல் அம்பாஸடரில் இருந்தது 1476 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின். அதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் நின்றன. செய்வதற்கு எளிது; செப்பனிடவும் எளிது. ஆனால் காற்றும் எரிபொருளும் வளைந்து நெளிந்து உள்ளே போகவேண்டியிருந்ததால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறியது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்தான்.

1959-இல் அதற்குப் பதிலாக 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் வந்தது. கொள்ளளவில் கூடியது வெறும் 13 கன சென்டிமீட்டர். ஆற்றலோ 50 குதிரைத்திறனைத் தாண்டியது. வால்வுகள் சிலிண்டரின் தலைமேல் ஏறியமர்ந்ததே இதன் முதன்மையான காரணம். வழி நேரானதும் மூச்சு சீரானது. பெரிய எஞ்சின்தான் ஆற்றல் தரும் என்று எண்ணுவோர் இந்த 13-ஐ நினைவில் கொள்ளவேண்டும். ஒரு பழைய எஞ்சினின் தலைப்பாகத்தையும் வால்வுகளையும் கார்புரேட்டரையும் செம்மை செய்தாலே இழந்த வலிமையின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்பதை அனுபவமிக்க மெக்கானிக்குகள் அறிவார்கள்.

மூன்றாவது, 1980-ஐ ஒட்டி வந்த டீசல் எஞ்சின். பெட்ரோல் விலை ஏறிய காலம் அது. அதே 1489 கொள்ளளவு. ஆற்றல் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. எனினும் வாடகைக் கார் ஓட்டியவர்களுக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஆகும் செலவே பெரிதாயிருந்தது. ஆகவே அந்த எஞ்சின் வென்றது. பெட்ரோல் வண்டி வைத்திருந்த எத்தனையோ பேர் டீசல் எஞ்சினைத் தேடி வாங்கிப் பொருத்திக்கொண்டதும் இக்காலத்தைத் தொடர்ந்துதான்.

நான்காவது, 1990-களின் தொடக்கத்தில் வந்த ஜப்பானிய இசுசு வடிவமைப்பிலான 1817 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். சுமார் 75 குதிரைத்திறன். அதனுடன் ஐந்து கியர்கள் கொண்ட பெட்டியும் வந்தது. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர்க்கோல் தரைக்கு இறங்கியது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எஞ்சின் தனியே வரவில்லை; தன் கியர்பெட்டியையும் அழைத்துக்கொண்டு வந்தது. புதுப்பித்தலின் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

அதே நிறுவனத்தின் காண்டெஸா இதற்கு மறுபக்கச் சான்று. 1984-இல் வந்த அந்த அகன்ற, கனத்த காருக்குள் முதலில் வைக்கப்பட்டது அம்பாஸடரின் பழைய 1489 எஞ்சினே. யானைக்குக் குதிரையின் இதயம் பொருத்தியதைப்போல் ஆயிற்று. பின்னர் இசுசு எஞ்சின் வந்த பிறகே அந்த வண்டி தன் உடலுக்கேற்ற நடையைப் பெற்றது.

கிராங்கும் ஜஸரியும்

எஞ்சின் எதுவாயினும், பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டே. இதன் வரலாறு தொன்மையானது. இன்று துருக்கியில் தியார்பக்ர் எனப்படும் ஆமித் நகரில், அர்துகிய்ய மன்னர்களிடம் பணிபுரிந்த இஸ்மாயீல் அல்ஜஸரி, ஹிஜ்ரி 602-இல், அதாவது கி.பி. 1206-இல், தம் நூலை நிறைவு செய்தார். பாய்நீரால் சுழலும் சக்கரத்தின் இயக்கத்தை முன்பின் அசைவாக மாற்றி, எதிரெதிரே அமைந்த இரு பிஸ்டன்களால் நீரை மேலே ஏற்றும் ஒரு கருவியை அதில் அவர் வரைந்து விளக்கியுள்ளார். அவர் செய்தது சுழற்சியை அசைவாக மாற்றுவது. கார் எஞ்சின் செய்வது அசைவைச் சுழற்சியாக மாற்றுவது. திசை மாறினும் தத்துவம் ஒன்றே.

அந்நூலின் நீண்ட அரபுப் பெயரில் ‘இல்ம்’, ‘அமல்’ என்னும் இரு சொற்கள் இணைந்து நிற்கின்றன. அறிவையும் பயன்தரும் செயலையும் ஒன்றுசேர்ப்பது என்பதே அப்பெயரின் கருத்து. பட்டறையில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை உண்டா? கணக்கறியாத கையும் கைபடாத கணக்கும் ஒரு பழைய வண்டியைக் கெடுக்கவே செய்யும்.

மின்சாரத்தின் கதை

பழைய காரின் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின்மேல் பழி விழுகிறது. உண்மைக் குற்றவாளி பலமுறை மின்சாரமே. பேட்டரியும் காயிலும் கொண்டு தீப்பொறி எழுப்பும் முறையை அமெரிக்கரான சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கினார். 1910-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. கைப்பிடியால் சுழற்றும் தொல்லையை நீக்கிய அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக்கில் வந்தது. அம்பாஸடரின் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் கெட்டரிங் முறையின் நேர் வாரிசே.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ‘பாயிண்ட்’ என்னும் இரு சிறு உலோக முனைகள் கூடிப் பிரிகின்றன. பிரியும் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். ஒவ்வொரு பிரிவிலும் முனை சிறிது கருகுகிறது, தேய்கிறது. இடைவெளி மாறினால் தீப்பொறியின் நேரமும் மாறுகிறது. உரசும் முனைகளுக்குப் பதிலாகக் காந்தத்தாலோ ஒளியாலோ நேரமறிந்து, டிரான்சிஸ்டரால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் இத்தேய்மானத்தை ஒழித்தது. பழைய வண்டிக்குச் செய்யத்தக்க மாற்றங்களுள் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுவே.

அடுத்தது டைனமோ. பழைய டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர். அதுவும் எஞ்சின் நன்றாகச் சுழலும்போது மட்டும். சிக்னலில் நிற்கும்போது அது பெரும்பாலும் உறங்குகிறது. இக்கால ஹாலஜன் முகவிளக்கு ஒவ்வொன்றும் 60 வாட் என்றால், 12 வோல்ட்டில் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போய்விடும். துடைப்பான், ஹாரன், இக்னிஷன், மின்விசிறி இவற்றுக்கு எங்கே போவது? ஆதலின் ஆல்டர்னேட்டர் தேவைப்படுகிறது. சிலிக்கான் டயோடு மலிவானபின் 1960-களில் பரவிய இக்கருவி, எஞ்சின் மெல்லச் சுழலும்போதும் மின்சாரம் தரும்.

இங்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. அக்கால ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது; இக்கால ஆல்டர்னேட்டரும் எலெக்ட்ரானிக் கருவிகளும் எதிர்முனை இணைப்பை எதிர்பார்ப்பவை. இதைப் பாராமல் பொருத்தினால் டயோடுகள் நொடியில் கருகிவிடும். மேலும், கூடுதல் மின்சாரத்தைப் பழைய, வெடித்த, மெல்லிய வயர்களில் ஓடவிடுவது தீக்கு அழைப்பு விடுப்பதாகும். ஆல்டர்னேட்டருக்கு முன்னே புதிய வயரிங். விளக்குக்கு முன்னே ரிலேயும் ஃபியூஸும். வரிசை மாறலாகாது.

ஒன்றை மாற்றினால் ஒன்பது

எஞ்சினை மாற்றுவோர் மறப்பது எஞ்சினைச் சூழ்ந்தவற்றை. டீசலையே எடுத்துக்கொள்வோம். அக்காலப் பெட்ரோல் எஞ்சின் காற்றை எட்டு மடங்குக்கும் குறைவாக அழுத்தியது. டீசல் இருபது மடங்குக்கும் மேல் அழுத்துகிறது. அதைச் சுழற்றிக் கிளப்பப் பெரிய பேட்டரியும் வலிய ஸ்டார்ட்டரும் வேண்டும். எடை கூடுவதால் முன்பக்கச் சஸ்பென்ஷனும் தாங்கிகளும் வலுப்பெறவேண்டும். அம்பாஸடருக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். எனவே, எஞ்சின் தாங்கியை இடம்மாற்றிப் பற்றவைப்பது வண்டியின் முதுகெலும்பில் கைவைப்பதற்கு ஒப்பாகும். துருவேறிய தகட்டில் அதைச் செய்வது பேராபத்து.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். வேகம் கூடும்போது வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிய வண்டியை 100-இல் ஓட்டினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. நிறுத்துவதற்கு அடக்கவேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட பழைய வண்டிக்கு 75 குதிரைத்திறனைக் கொடுத்துவிட்டு, பிரேக்கை அப்படியே விடுவது அறிவுடைமையாகாது. பிற்கால அம்பாஸடர்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்ததன் பொருள் இதுதான். மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டி, ஓடும் திறனை அடையுமுன் நிற்கும் திறனை அடையவேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயமே மெத்தையாக இருந்தது; அது நின்றபின் கடினமாக்கப்பட்ட வால்வு இருக்கைகளைப் பொருத்துவது நலம். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் எத்தனால் அரிக்கும் என்பதால் அவற்றையும் அதற்கேற்ற புதியனவாக மாற்றவேண்டும்.

சட்டம் சொல்வது

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழில் பொறிக்கப்பட்டவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு உரிய அனுமதியும் பதிவும் வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2019-இல் இப்பிரிவை வலியுறுத்தியது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் கிடைக்கும். ஆனால் அதன் வரலாறு தெரியாமல் வாங்கினால், யாருடைய களவுபோன வண்டியின் இதயம் நம் வண்டியில் துடிக்கிறது என்பதை நாம் அறியோம்.

மற்றொன்றும் உண்டு. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவுசெய்ய 2021-இல் விதி வகுக்கப்பட்டது. உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அப்பெருமை கிடையாது. ஆகவே, அரிதான வண்டி வைத்திருப்போர் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்கவேண்டும். கழற்றிய மூல எஞ்சினை எடைக்குப் போடாமல் எண்ணெய் பூசிப் பாதுகாப்பது குறைந்தபட்சக் கடமை.

வரலாற்றின் தீர்ப்பு

அம்பாஸடர் ஏன் நின்றது? எஞ்சின் மாற்றம் போதாததால் அன்று. 1983-இல் மாருதி வந்தபின், இலேசான உடல், சிக்கனமான ஓட்டம், எளிதான கையாளுமை ஆகிய அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்த வண்டியை மக்கள் கண்டார்கள். அம்பாஸடரோ புதிய எஞ்சினைப் பெற்றும், 1950-களின் கூட்டையும் கனத்தையும் சுமந்துகொண்டே ஓடியது. 2010-இல் பெருநகரங்களுக்குப் பாரத் நிலை 4 மாசு விதிகள் வந்தபோது மேலும் தடுமாறியது. 2014-இல் உற்பத்தி நின்றது. 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு அதன் பெயர் மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எஞ்சின்கள் மாறிமாறி வந்தும் உடல் மாறாதிருந்த வண்டியில் விலைபோனது அதன் பெயரே.

தொழிற்சாலைக்கு நேர்ந்தது தனி மனிதருக்கும் நேரும். ஓர் உறுப்பை மட்டும் புதுப்பித்து, அதைத் தாங்கும் மற்ற உறுப்புகளை மறந்தவர் தம் வண்டியை வாழவைத்தவராகமாட்டார். முதலில் உடலின் துருவைப் பார், பிறகு பிரேக், பிறகு வயரிங், பிறகு இக்னிஷன், இறுதியாகவே எஞ்சின். இந்த வரிசைப்படி செல்பவருக்கு, பாதிவழியிலேயே ஒரு வியப்பு காத்திருக்கலாம்: பழைய எஞ்சினே போதுமென்று தோன்றிவிடும். அப்படித் தோன்றினால் அது இழப்பன்று. செலவு மிச்சம், தந்தையின் நினைவும் மிச்சம்.