வாயால் உறிஞ்சிய காலம்

லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்று ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. பிறரைக் காப்பாற்றப்போய் உயிரைவிட்ட சாதாரண மனிதர்களுக்காக அங்கே ஒரு சுவரை ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் 1900இல் ஏற்படுத்தினார். சுவர் நெடுகப் பெயர் எழுதிய ஓடுகள். அவற்றில் ஒன்று, ராயல் ஃப்ரீ மருத்துவமனை டாக்டர் சாமுவேல் ராபெத்துக்கு உரியது. தொண்டை அடைப்பான் கண்ட குழந்தையைக் காப்பாற்ற முயன்று 1884 அக்டோபர் 26இல் இறந்தார் என்கிறது ஓடு. எப்படி முயன்றார் என்பதைச் சொல்வதில்லை. குழந்தையின் தொண்டையில் துளையிட்டு வைத்திருந்த குழாய் அடைத்துக்கொண்டது. அவர் அதில் வாய் வைத்து உறிஞ்சினார்.

அன்றைக்கு அப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அவ்வளவு ஏன், பிறந்த குழந்தையின் வாய்ச்சளியை ஒரு சிறு குழாய் வழியே தன் வாயால் இழுத்தெடுப்பது 20ஆம் நூற்றாண்டிலும் பிரசவ அறைகளில் சாதாரண நடைமுறைதான். அந்தப் பழக்கம் கைவிடப்பட்டதில் எய்ட்ஸ் பயத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சளி உறிஞ்சுவது வார்டின் அன்றாட வேலையாக மாறிய இடம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், 1952இன் கோபன்ஹேகனைச் சொல்லலாம். அந்த ஆண்டு அங்கே போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். விழுங்க முடியாததால் எச்சிலும் சளியும் மூச்சுக்குழலுக்குள் இறங்கின. உடலைச் சுற்றி மூடி மூச்சு இழுக்கவைக்கும் இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. இருந்தவையும் இந்தச் சளிக்குப் பதில் சொல்லவில்லை. மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் ஆகஸ்ட் 27இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்தார். சளியை உறிஞ்சி எடுத்தார்கள். ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். சிறுமி பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டுப் பை அழுத்தினார்கள். வரலாறு அவர்களைத்தான் கொண்டாடுகிறது. பக்கத்தில் நின்று குழாய் அடைக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

அடுத்த ஆண்டே இப்சன் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்க, உலகெங்கும் ஐசியூக்கள் பெருகின. சுவரோடு பொருத்திய உறிஞ்சு கருவியும் வந்தது. உறிஞ்சுகிறவருக்கு இருந்த ஆபத்து இப்போது நோயாளியின் பக்கம் திரும்பியது. கருவி சளியை மட்டுமா இழுக்கும்? நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்தே இழுக்கும். உறிஞ்சும்போது இதயத் துடிப்பு தாறுமாறாவதை 1969இல் ஓர் ஆய்வு காட்டியது. குழாயின் நுனி மூச்சுக்குழலின் உள்தோலைப் பிடித்திழுத்துப் புண்ணாக்குகிறது என்று 1973இல் மார்வின் சாக்னரின் குழு எழுதியது.

இன்றைய பயிற்சியில் பொம்மை நோயாளியின் முன் நிற்கும் இளம் நர்ஸ் மனப்பாடம் செய்யும் விதிகளெல்லாம் இந்தச் சேதங்களிலிருந்து பிறந்தவை. முதலில் ஆக்சிஜன் கொடு. உறிஞ்சு குழாய், பெரியவர்களுக்கு மூச்சுவிட வைத்திருக்கும் செயற்கைக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. உள்ளே செலுத்தும்போது இழுவை கூடாது. வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்சு குழாயில் இழுவைக்காக உள்ள துளையைக் கட்டைவிரலால் மூட வேண்டும். எல்லாம் 15 விநாடிக்குள். சில ஆசிரியர்கள் கடிகாரத்தை நம்புவதில்லை. 'நீயும் மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு முட்டினால் அவருக்கும் முட்டும்' என்கிறார்கள்.

பழக்கங்களை மறக்கவைப்பதுதான் இன்னும் கடினம். சளி இளகட்டும் என்று உப்பு நீரை உள்ளே விடுவது பல தலைமுறை நர்ஸ்களின் கைப்பழக்கம். அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் வழிகாட்டுதல் 2010இல் சொல்லியும், பல வார்டுகளில் உப்பு நீர் நிரப்பிய சிறு ஊசிக்குழல் இன்னும் தட்டில் தயாராக இருக்கிறது.

2020இல் கொரோனா வந்தபோது ஆபத்து மறுபடியும் உறிஞ்சுகிறவர் பக்கம் திரும்பியது. உறிஞ்சுவதற்காக வென்டிலேட்டர் குழாயைக் கழற்றினால் கிருமி அறையெங்கும் தெறிக்கும். பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே நுழைந்து வெளியேறும் மூடிய உறிஞ்சு குழாய் பல ஆண்டுகளாகவே சந்தையில் உண்டு. இப்போது முகக்கவசமும் கண்ணாடியும் இரட்டைக் கையுறையும் அணிந்த நர்ஸ்கள், வென்டிலேட்டரைப் பிரிக்காமல் உறையின் மேலாகவே அதைப் பிடித்து நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள்.